டோட்டல் வார்: திரீ கிங்டம்ஸ் – 40 மணி நேரம் ஆடியபின் என் முதல் கருத்து

நள்ளிரவுத்தளபதி

எல்லாருக்கும் வணக்கம். பழங்காலச் சீனாவில் நடக்கும் இந்தப் போர் வியூக கேம் வந்தது 2019 மே 23-ல். நான் போன மாதம்தான் ஸ்டீம் தள்ளுபடியில் வாங்கினேன். இதே வரிசையில் முன்பு வந்த மிடீவல் 2, ரோம் 2 இரண்டையும் காலேஜ் நாளில் கரைத்துக் குடித்தவன். அதனால் இதுவும் ஊரைப் பிடி, படையைச் சேர், அடுத்த ஊருக்குப் போ என்றுதான் இருக்கும் என நினைத்து உட்கார்ந்தேன். முதல் ராத்திரியே அந்த நினைப்பு மாறிவிட்டது.

கதை தொடங்குவது கி.பி. 190-ல். ஹான் பேரரசு பேருக்குத்தான் இருக்கிறது. டோங் ஜுவோ என்ற படைத்தலைவன் சிறுவனான சக்கரவர்த்தியைக் கைக்குள் வைத்துக்கொண்டு நாட்டை ஆட்டிப் படைக்கிறான். அவனை எதிர்த்து யுவான் ஷாவ் தலைமையில் பல தலைவர்கள் கூட்டணி சேர்ந்திருக்கிறார்கள். இவர்களில் ஒருவரை எடுத்து ஆடலாம். நான் லியூ பெய்யை எடுத்தேன். பெரிய நிலம் இல்லை, பணமும் இல்லை. கூடவே குவான் யூ, ஜாங் ஃபெய் என்று உயிரைக் கொடுக்கிற இரண்டு சகோதரர்கள். அது போதும் என்று தோன்றியது.

மேப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆகவேண்டும். நாம் இன்னும் போகாத இடமெல்லாம் பழைய தாளில் மையால் தீட்டிய ஓவியம் மாதிரி கிடக்கிறது. படை நகர நகர அந்த ஓவியம் விலகி, மலையும் ஆறும் வயலுமாக மேலே எழுந்து வருகிறது. ஒரு டர்னில் (ஆட்டத்தில் நம் முறை ஒன்று) சண்டையை மறந்து, பனி விழுந்த மஞ்சளாற்றங்கரையைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். ஒரு வருஷத்துக்கு ஐந்து டர்ன். நான்கு பருவங்களுக்கு நடுவே அறுவடைக்கென்று தனியாக ஒன்று வைத்திருக்கிறார்கள். விவசாய நாட்டின் கணக்கு அது, ரொம்பப் பிடித்திருந்தது.

படை அமைப்பு பழைய டோட்டல் வார் மாதிரி இல்லை. ஒரு படையில் மூன்று ஜெனரல்கள். ஒவ்வொருவருக்கும் கீழே ஆறு பிரிவுகள். அந்தப் பிரிவுகள் அந்த ஜெனரலுக்குச் சொந்தம், எனக்கில்லை. இதைப் புரிந்துகொள்ள நான் கொடுத்த விலை பெரிது.

டர்ன் 34. கி.பி. 196. ஆரம்பத்திலிருந்து என்னோடு இருந்த ஒரு ஜெனரல். கதைகளில் வருகிற பெரிய பெயர் இல்லை, கேமே உருவாக்கிக் கொடுத்த ஆள். எல்லைக் காவலில் அவரைப் பல வருஷம் நிறுத்திவைத்தேன். பதவி எதுவும் கொடுக்கவில்லை. அவர் பெயருக்குப் பக்கத்தில் திருப்தி எண் குறைந்துகொண்டே வந்தது. அதைப் பார்த்தேன், அப்புறம் கவனிக்கலாம் என்று விட்டுவிட்டேன். ஒரு டர்ன் முடிந்ததும் அறிவிப்பு வந்தது: அவர் விலகிவிட்டார். அவருடைய ஈட்டி வீரர்களும் அவரோடே போய்விட்டார்கள். நான்கு டர்ன் கழித்துப் பார்த்தால் யுவான் ஷாவின் அவையில் நிற்கிறார்.

ஊரைத் தோற்றிருந்தால் இவ்வளவு வருத்தம் வந்திருக்காது. ஊரைப் பிடித்துவிடலாம். இந்த கேமில் நாம் உண்மையில் ஆள்வது மனிதர்களைத்தான், நிலம் அதற்குப் பின்னால்தான் வருகிறது என்று அன்றைக்கு எனக்குப் பட்டது. நீங்கள் எல்லாம் எப்படி ஆடினீர்கள்? கதைப்படி ஆடும் ரொமான்ஸ் மோடா, வரலாற்றுப்படி ஆடும் ரெக்கார்ட்ஸ் மோடா?

வைகைக்கரை

நண்பா, நல்ல பதிவு. எனக்கு ரொமான்ஸ் மோட்தான், எப்போதும். ஜெனரல் ஒற்றை ஆளாக நூறு பேருக்கு நடுவில் இறங்கிச் சுழற்றுவதைப் பார்க்கத்தானே இந்த கேமை வாங்கினோம்! அந்த துவந்த யுத்தம் இருக்கிறதே, இரண்டு ஜெனரல்கள் மோத, சுற்றி வீரர்கள் விலகி வட்டம் கட்டி நிற்பது. சுன் ஜியென் என்ற தலைவனை எடுத்து ஆடிய என் கேம்பெய்னில் மொத்தப் படையும் ஓடுகிற நிலையில் ஒரே ஒரு துவந்தத்தில் ஜெயித்தேன். எதிரி ஜெனரல் விழுந்ததும் அவர்கள் படை மனம் உடைந்து சிதறிவிட்டது.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று. ஜெனரலின் நிறத்தைப் பாருங்கள். ஐந்து வகை, ஐந்து பூதம்: மரம், நெருப்பு, மண், உலோகம், நீர். நம் பஞ்சபூதத்தில் காற்றும் ஆகாயமும் இருக்கும், அவர்கள் கணக்கில் அந்த இடத்தில் மரமும் உலோகமும். பச்சை ஜெனரல் ஈட்டிப்படைக்கு, சிவப்பு முன்னணிக் குதிரைக்கு, நீலம் வில், குறுக்குவில், கல்லெறி பொறிக்கு. மூன்று சிவப்பை ஒரே படையில் போட்டால் பார்க்க அழகாக இருக்கும், நகரை முற்றுகையிடும்போது கஷ்டம். நீலம் ஒன்றாவது இருக்கட்டும்.

கீரிமலைக்காற்று

தம்பி, நான் ரெக்கார்ட்ஸ் மோடிலதான் முழுக்க விளையாடினனான். 2020-ல ஊரடங்கு நேரம் வாங்கினது. அதில ஜெனரலும் ஒரு மனிசன்தான். மெய்க்காவல் குதிரைப்படையோட வருவார், களைச்சுப் போவார், அம்பு பட்டால் சாவார். துவந்தமும் இல்லை. அதால நீங்கள் அணிவகுப்பை யோசிக்க வேணும், பக்கவாட்டால சுத்திப் போக வேணும், களைப்பைப் பாக்க வேணும்.

ரொமான்ஸ் மோடில லூ பு எண்ட மாவீரன் வந்தால் எல்லாத் திட்டமும் முடிஞ்சுது. ஒரு ஆள் ஒரு படையைத் திண்டிட்டுப் போறது வரலாறு இல்லை. எனக்கு அந்தக் காலத்துச் சண்டை எப்பிடி நடந்திருக்கும் எண்டதுதான் வேணும்.

வைகைக்கரை

அண்ணா, மதிப்போடு சொல்கிறேன், மூன்று ராஜ்ய காலத்தை மக்கள் 1800 வருஷமாக மறக்காமல் வைத்திருப்பது அணிவகுப்புக்காக இல்லை. அந்த வீரர்களுக்காக. அதை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது?

சுவடிக்காரி

இரண்டு பேருக்கும் வணக்கம். பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். என் மகன் ஆடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து, பிறகு நானே ஆட ஆரம்பித்தேன்.

இந்த இரண்டு மோடுக்கும் அடிப்படை இரண்டு நூல்கள். ரெக்கார்ட்ஸ் மோடுக்கு 3-ஆம் நூற்றாண்டில் சென் ஷோ எழுதிய வரலாறு. ரொமான்ஸ் மோடுக்கு 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த லுவோ குவான்ஜோங் பெயரில் வழங்கும் நாவல். நடுவில் ஆயிரம் வருஷத்துக்கு மேல் இடைவெளி. அந்த இடைவெளியில் கதை எப்படி மாறியது என்பதற்கு ஓர் உதாரணம். டோங் ஜுவோவின் தளபதி ஹுவா ஷியோங்கைக் கொன்றது யார் என்று நாவல் படித்தவர்களைக் கேட்டால் குவான் யூ என்பார்கள். வரலாற்றில் அந்த வெற்றி சுன் ஜியென் படைக்கு. வைகைக்கரை தம்பி, உங்கள் சுன் ஜியெனுக்குச் சேரவேண்டிய பெருமை வேறொருவருக்குப் போய்விட்டது.

ஆனால் வரலாற்றில் வீரசாகசமே இல்லை என்று கீரிமலை அண்ணன் சொன்னால் அதையும் ஏற்க மாட்டேன். கி.பி. 200-ல் பைமா என்ற இடத்தில் குவான் யூ எதிரிப் படைக்குள் குதிரையை விட்டு, யான் லியாங் என்ற தளபதியைக் குத்தி, தலையோடு திரும்பி வந்தது வரலாற்று நூலிலேயே இருக்கிறது. சுன் ஜியெனின் மகன் சுன் ட்சேயும் தைஷி ட்ஸு என்ற வீரரும் நேருக்கு நேர் மோதியதும் இருக்கிறது. தைஷி ட்ஸுவின் முதுகிலிருந்த குட்டை ஈட்டியை சுன் ட்சே பறித்தார், தைஷி ட்ஸு சுன் ட்சேயின் தலைக்கவசத்தைப் பிடுங்கினார், இரு பக்கத்துப் படையும் வந்து சேர்ந்ததும் பிரிந்தார்கள். பிறகு அதே தைஷி ட்ஸு சுன் ட்சேயிடம் சேர்ந்தார். துவந்தம் அபூர்வம், பொய் இல்லை.

பீச் தோட்டத்தில் மூவரும் சகோதரர்களாகச் சபதம் எடுத்த காட்சி நாவலுடையது. சென் ஷோ சொல்வது அதைவிட எளிமையானது: மூவரும் ஒரே படுக்கையில் உறங்கினார்கள், அன்பில் சகோதரர் போல் இருந்தார்கள். எனக்கு இந்த வரிதான் சபதத்தைவிட நெருக்கமாகத் தெரிகிறது.

கீரிமலைக்காற்று

அக்கா, தைஷி ட்ஸு கதை எனக்குத் தெரியாமல் இருந்தது. நன்றி. அப்ப நானும் கொஞ்சம் இறங்கி வாறன். ஆனாலும் ஆயிரம் பேரை ஒருத்தன் அடிக்கிறது மட்டும் வேண்டாம்.

அகழிநீர்

நடுவில் வந்து கேட்பதற்கு மன்னிக்கவும். நேற்றுதான் தொடங்கினேன், பெயர்கள் ஒன்றும் மனதில் நிற்கவில்லை. சுன், ஜாங், யுவான், லியூ எல்லாம் கலந்துவிடுகிறது. இரண்டு யுவான் வேறு! உணவு எண் சிவப்பாகவே இருக்கிறது. உதவுங்கள்.

சுவடிக்காரி

முதலில் வருவது குடும்பப் பெயர் என்று வைத்துக்கொள்ளுங்கள், பாதிக் குழப்பம் போய்விடும். யுவான் ஷாவும் யுவான் ஷுவும் ஒரே வீட்டுப் பிள்ளைகள், ஒருவருக்கொருவர் ஆகாது. கொடி நிறத்தையும் பிடித்துக்கொள்ளுங்கள்: லியூ பெய் பச்சை, ட்சாவ் ட்சாவ் நீலம், சுன் குடும்பம் சிவப்பு. கடைசியில் ஷு, வெய், வூ என்று மூன்று ராஜ்யமாக நிற்கப்போவது இவர்கள் வழிதான். பிறகு, ஆங்கிலத்தில் எழுதியிருப்பதை அப்படியே 'காவோ காவோ' என்று வாசிக்காதீர்கள், 'ட்சாவ் ட்சாவ்'. வாயால் சரியாகச் சொல்லிப் பழகினால் மனதிலும் தங்கும்.

நள்ளிரவுத்தளபதி

அகழிநீர், உணவு விஷயத்தில் நானும் அடிபட்டு எழுந்தவன். நகரத்தை ஒரு படி உயர்த்தும் ஒவ்வொரு தடவையும் அது தின்னும் உணவு கூடுகிறது. பணம் இருக்கிறதே என்று எல்லா ஊரையும் வளர்த்துவிட்டால் அடுத்த டர்னிலேயே பற்றாக்குறை. முதலில் விவசாய ஊர்களைப் பாருங்கள். ஒரு மாவட்டத்தில் நகரம் ஒன்றும், அதைச் சுற்றி வயல், சுரங்கம், துறைமுகம் என்று சிற்றூர்களும் இருக்கும். சில சமயம் நகரத்தைவிட அந்த வயல் ஊர்தான் முக்கியம்.

இன்னொன்று, ராஜதந்திரத் திரையில் உணவையே விற்கலாம், வாங்கலாம். பக்கத்து ஆளுக்குப் பஞ்சம் என்றால் கேட்ட விலை கொடுப்பான். என் மூன்றாவது படைக்குச் சம்பளம் போனது முழுக்க அரிசி விற்ற காசில். பழைய டோட்டல் வார்களில் ஒப்பந்தம் பேசினால் காரணமே சொல்லாமல் மறுத்துவிடுவார்கள். இதில் அவன் ஏன் தயங்குகிறான், எவ்வளவு குறைகிறது என்று எண்ணோடு காட்டுகிறது. என்ன கொடுத்தால் சம்மதிப்பாய் என்று கேட்கவும் ஒரு பட்டன். ஒரு குதிரையைக் கொடுத்துச் சமாதானம் வாங்கியிருக்கிறேன்.

சுவடிக்காரி

உணவைப் பற்றிப் பேச்சு வந்ததால் இதைச் சொல்லாமல் போக முடியவில்லை. இந்த இடத்தில் கேம் வரலாற்றை அழகாகத் தொட்டிருக்கிறது.

190-களில் வட சீனாவில் கொடிய பஞ்சம். யுவான் ஷாவின் வீரர்கள் முசுக்கட்டைப் பழத்தைத் தின்று உயிர் வாழ்ந்தார்கள், யுவான் ஷுவின் வீரர்கள் ஆற்றில் சிப்பி பொறுக்கினார்கள் என்று பழைய உரைக் குறிப்பில் வருகிறது. எதிரியே இல்லாமல் கலைந்துபோன படைகள் உண்டு. இதைப் பார்த்துத்தான் ட்சாவ் ட்சாவ் 196-ல் ஆளில்லாமல் கிடந்த நிலத்தில் குடிமக்களைக் குடியேற்றி, ஏரும் மாடும் கொடுத்து, விளைச்சலில் பங்கு வாங்கும் குடியிருப்புகளை அமைத்தார். அதே ஆண்டில்தான் சக்கரவர்த்தியைத் தன் ஊருக்கு அழைத்து வந்தார். எல்லாரும் சக்கரவர்த்தியை அழைத்து வந்ததைத்தான் பேசுவார்கள். என்னைக் கேட்டால் அந்த வயல்கள்தான் அவரை உயர்த்தின.

நான்கு வருஷம் கழித்து குவான்டுவில் யுவான் ஷாவின் பெரிய படையோடு மோதியபோதும் முடிவைத் தீர்மானித்தது தானியம். ராத்திரியில் வூசாவ் என்ற இடத்தில் இருந்த தானியக் கிடங்கைக் கொளுத்தினார். பெரிய படை அதோடு உடைந்தது.

கேமில் எதிரி நிலத்துக்குள் நுழைந்ததும் படையின் வழியுணவு டர்னுக்கு டர்ன் குறைவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வூசாவ் நினைவுக்கு வரும்.

இன்னொரு எண்ணும் சொல்கிறேன். 157-ல் ஹான் அரசு எடுத்த கணக்கில் பதிவான மக்கள் சுமார் 5.6 கோடி. 280-ல் ஜின் அரசு எல்லாவற்றையும் ஒன்றாக்கியபோது பதிவானவர்கள் சுமார் 1.6 கோடி. மிச்சம் எல்லாரும் செத்துவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. ஊரைவிட்டு ஓடியவர்கள், பெரிய குடும்பங்களுக்குக் கீழே அடைக்கலம் போய் அரசின் ஏட்டில் ஏறாதவர்கள் ஏராளம். இருந்தாலும் அந்த நூறு வருஷம் சாதாரண மக்களுக்கு என்ன செய்தது என்பது அதில் தெரிகிறது. கேமில் மக்கள்தொகை எண் குறைந்தால் வரி குறைகிறது என்று மட்டும் நினைத்துக் கடந்துபோக என்னால் முடியவில்லை.

வைகைக்கரை

அக்கா, இப்படி ஒரு பாடம் பள்ளியில் கிடைத்திருந்தால் நான் வரலாற்றையே எடுத்திருப்பேன். முழுக்கப் படித்தேன்.

என் வருத்தம் ஒன்றையும் எழுதிவிடுகிறேன். 208-ல் நடந்த செம்பாறைப் போர், யாங்ட்ஸி ஆற்றில் ட்சாவ் ட்சாவின் கப்பல்களைத் தீயிட்டது, இந்தக் காலத்தின் உச்சமே அதுதான். ஆனால் கேமில் ஆற்றுப்போரோ கடற்போரோ நாம் நேரில் நடத்த முடியாது, கணினியே முடிவு சொல்லிவிடும். 182, 190, 194, 200 என்று ஆரம்ப ஆண்டுகள் கொடுத்தார்கள். நூறு வருஷம் தள்ளி 291-க்குக்கூட ஒரு டிஎல்சி (கூடுதல் தொகுப்பு) போட்டார்கள். 208 வரவே இல்லை. 2021 மே மாதம் இனி புதுசு எதுவும் கிடையாது என்று அறிவித்துவிட்டார்கள். அன்றைக்கு நிஜமாகவே மனசு கஷ்டப்பட்டது.

கீரிமலைக்காற்று

அதில நானும் உங்களோட. நல்ல கட்டிடத்தை ஓடு போடாமல் விட்ட மாதிரி. ரசிகர்கள் செய்த கனக்க மோட்கள் (கேமில செய்யிற மாற்றங்கள்) வந்திருக்கு, அதுகள்தான் இப்ப ஆறுதல்.

பினாங்கு_முத்து

வணக்கம் நண்பர்களே. நான் பினாங்கில் இருக்கிறேன். இங்கே எனக்கு இந்தக் கதை கேமுக்கு முன்னாடியே தெரியும், ஆனால் தெரியும் என்று தெரியாது.

நான் வேலை செய்கிற இரும்புச் சாமான் கடையில், கல்லாவுக்குப் பின்னால் சிவப்பு விளக்கு வைத்த ஒரு சின்ன மாடம். உள்ளே சிவந்த முகம், நெஞ்சு வரை கறுத்த தாடி, கையில் நீண்ட வளைவாள். காலையில் கடை திறந்ததும் தவுக்கே (முதலாளி) ஊதுபத்தி கொளுத்துவார், மாதத்தில் இரண்டு நாள் ஆரஞ்சுப் பழம் வைப்பார். பன்னிரண்டு வருஷமாகப் பார்க்கிறேன், ஏதோ சீன சாமி என்று மட்டும்தான் நினைத்திருந்தேன். கேமில் குவான் யூ படத்தைப் பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டது. அதே முகம்!

மறுநாள் தவுக்கேயிடம் போனைக் காட்டினேன். "குவான் கோங்!" என்று சிரித்தார். வியாபாரிக்கு ஏன் போர்வீரன் சாமி என்று கேட்டேன். கொடுத்த வாக்கைக் காப்பாற்றியவர், அதனால் என்றார். பிறகு கல்லாவை மூடிவிட்டுக் கதை சொன்னார். ட்சாவ் ட்சாவிடம் குவான் யூ பிடிபட்டார். ட்சாவ் ட்சாவ் பட்டமும் பொன்னும் அள்ளிக் கொடுத்தார். பட்ட கடனுக்கு அவருக்காக ஒரு போரில் ஜெயித்துக் கொடுத்துவிட்டு, வாங்கிய பரிசையெல்லாம் கட்டி முத்திரை வைத்து அங்கேயே விட்டு, கடிதம் எழுதி வைத்துவிட்டு லியூ பெய்யைத் தேடிப் போய்விட்டார். இது நாவலா, வரலாறா அக்கா?

சுவடிக்காரி

முத்து, இது வரலாறு. ஜெயித்துக் கொடுத்தார் என்று உங்கள் தவுக்கே சொன்னது நான் மேலே எழுதிய பைமா. வழியில் ஐந்து கணவாய்களில் ஆறு பேரை வெட்டினார் என்பது நாவல் சேர்த்தது. பரிசை முத்திரையிட்டு வைத்ததும், கடிதம் எழுதியதும் சென் ஷோவின் நூலிலேயே உண்டு. இன்னொன்றும் உண்டு. ட்சாவ் ட்சாவின் ஆட்கள் துரத்திப் போகலாம் என்றபோது, அவரவருக்கு அவரவர் தலைவன், விட்டுவிடுங்கள் என்று தடுத்தவர் ட்சாவ் ட்சாவே.

தளபதி தம்பி, உங்கள் முதல் பதிவுக்கு இதுதான் பதில் என்று நினைக்கிறேன். பட்டமும் பொன்னும் ட்சாவ் ட்சாவிடம் இருந்தன. லியூ பெய்யிடம் அப்போது ஒன்றுமே இல்லை, யுவான் ஷாவிடம் அடைக்கலம் புகுந்திருந்தார். ஆனாலும் அந்த மனிதர் அங்கே போனார். கேமில் பதவி கொடுத்தால் திருப்தி எண் ஏறும். கூடவே ஒரே படையில் தோளோடு தோளாகச் சண்டையிட்டவர்களுக்குள் நட்பு வளர்கிறது. அதுவும் ஏற்றுகிறது. எல்லைக் காவலில் அவரைத் தனியாக நிறுத்திவைத்தீர்களே, அதுதான் குறை.

நள்ளிரவுத்தளபதி

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நேற்றே எழுத நினைத்தேன். ஆனால் அதற்குள் ஒன்று நடந்தது, முடித்துவிட்டு வருகிறேன் என்று இருந்தேன்.

முன்பு சேமித்து வைத்த பழைய சேவுக்குத் திரும்பவில்லை. அதே கேம்பெய்னைத் தொடர்ந்தேன். டர்ன் 58, கி.பி. 201. யுவான் ஷாவின் படை ஒன்று என் எல்லை ஊரை முற்றுகையிட வந்தது. சண்டைக்கு முன்னால் வரும் பட்டியலில் மூன்று ஜெனரல்களின் பெயர். மூன்றாவது பெயர் அவருடையது. அதே ஈட்டிப்படை, இப்போது இன்னும் தேறியிருக்கிறார்கள்.

மழை பெய்துகொண்டிருந்தது. ஆரம்பத்திலேயே துவந்தத்துக்கு வாய்ப்பு வந்தது, ஜாங் ஃபெய்யை அனுப்பினால் நிமிஷத்தில் முடிந்திருக்கும். அனுப்பவில்லை. கீரிமலை அண்ணன் சொன்ன மாதிரி குதிரைப்படையைக் காட்டு வழியாகப் பின்பக்கம் சுற்ற விட்டு, வில்லாளிகளை மேட்டில் நிறுத்தி, மற்ற இரண்டு ஜெனரல்களையும் முதலில் விரட்டினேன். கடைசியில் அவருடைய ஈட்டிக்காரர்கள் மட்டும் வட்டமாக நின்றார்கள். நாலு பக்கமும் அடைத்தேன். அவரைச் சாக விடக்கூடாது என்று ஜெனரல் மேல் போகிற அம்பையெல்லாம் நிறுத்தி நிறுத்தி ஆடினேன். சண்டை 25 நிமிஷம்.

பிடிபட்டவர் பட்டியலில் வந்தார். விடுவிக்கலாம், கொல்லலாம், சேர்த்துக்கொள்ளலாம் என்று மூன்று பட்டன். சேர்த்துக்கொண்டேன்.

இப்போது அவருக்கு ஒரு மாவட்டத்தின் ஆளுநர் பதவி கொடுத்திருக்கிறேன். அறுவடை டர்ன் முடிந்ததும் வேறொருவரை அங்கே வைத்துவிட்டு, ஜாங் ஃபெய் இருக்கிற படையில் மூன்றாவது இடத்தில் அவரைச் சேர்க்கப் போகிறேன். அந்த இடத்தைக் காலியாகவே வைத்திருக்கிறேன்.